அரூப ஓவியத்துக்குள் பாட்டி வீட்டைத் தேடாதீர்கள்

ஜனவரியில் சிங்கப்பூர்க் கலை வாரம் வந்துவிட்டால் போதும், கில்மன் பேரக்ஸ் பக்கமோ தஞ்சோங் பகார் பக்கமோ நடக்கும் ஏதாவது ஒரு கண்காட்சிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்துவிடும். அரூப ஓவியம் (ஆள், வீடு, மரம் என்று அடையாளம் காட்டும் உருவம் இல்லாத ஓவியம்), அதுவும் ஓவியரின் சொந்த நினைவுகளை வைத்து வரைந்தது என்றால் நம் ஆட்கள் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "ஒன்னும் புரியலப்பா" என்று கோப்பிக் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். புரியாமல் போவதற்குப் பல நேரம் நாம் பார்க்கிற விதம்தான் காரணம்.

முக்கியமான தவறு, உள்ளே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று தேடுவது. தலைப்பு 'பாட்டி வீடு' என்றால் உடனே கதவு எங்கே, திண்ணை எங்கே என்று கண் அலைகிறது. நினைவு அங்கே உருவமாக இருக்காது. எந்த நிறத்தை எதன் மேல் பூசுவது, எங்கே அவசரப்படுவது, எந்த இடத்தைச் சும்மா விடுவது என்பதையெல்லாம் முடிவு செய்ததோடு அதன் வேலை முடிந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது கத்தியால் சுரண்டிய தடமும் சாயத்தின் மேடு பள்ளமும் தெரியும். அப்புறம் கேன்வாஸின் விளிம்பு. முன்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாக இருக்கும், ஓரத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் ஒழுகிக் காய்ந்திருக்கும். அப்படியென்றால் அடியில் ஒரு மஞ்சள் ஓவியம் இருந்திருக்கலாம், எதற்காகவோ அதை மூடியிருக்கிறார்கள். (பாருங்கள், தொட்டுவிடாதீர்கள்.)

இன்னொன்று, நினைவை ஏதோ புகைப்படம் மாதிரி நினைத்துக்கொள்வது. பிரிட்டிஷ் ஓவியர் ஹோவர்ட் ஹாட்கின், லண்டனின் ஸ்மித் ஸ்குவேரில் நடந்த ஒரு இரவு விருந்தை 1975இல் வரையத் தொடங்கி 1979இல்தான் முடித்தார். ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு வருஷம்! இத்தனை காலம் மேலே மேலே பூசிக்கொண்டே போனால் அந்த விருந்தும் கூடவே மாறித்தான் போகும். இத்தனைக்கும் அவர், தன்னை அரூப ஓவியர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

சுவரில் ஒட்டியிருக்கும் விளக்கத்தை முதலில் படித்துவிடுவதும் வேண்டாம். இந்திய ஓவியர் எஸ்.எச். ரசாவை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் காட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்; படிப்பில் மனம் நிற்காத சிறுவனைப் பார்த்து ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார் என்றாராம். 1950இல் பிரான்ஸ் போய்ப் பல்லாண்டு கழித்து அந்தப் புள்ளிதான் பெரிய கறுப்பு வட்டமாக அவருடைய 'பிந்து' ஓவியங்களில் வந்தது. இந்தக் கதையை முதலிலேயே கேட்டுவிட்டால் வட்டத்தைச் சுற்றியிருக்கும் சிவப்பையும் மஞ்சளையும் யாரும் பார்ப்பதில்லை, நம்மவர்கள் நேராகச் சிவசக்தி தத்துவத்துக்கே போய்விடுகிறார்கள். அது தப்பும் இல்லை, ரசாவே அப்படியெல்லாம் பேசியவர்தான். ஆனால் கண்ணுக்கும் கொஞ்சம் நேரம் கொடுங்கள். முதலில் ஓவியம், பிறகு விளக்கம், மறுபடியும் ஓவியம்.

"என் பிள்ளையே இதை வரைவான்" என்பது பழைய பாட்டு, விட்டுவிடுவோம். கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு நகர்வதும் அப்படித்தான். ஆளுயரக் கேன்வாஸ் உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டால் பார்க்க என்ன மிச்சம்?

எனக்குப் பொறுக்காத தவறு ஒன்று உண்டு. தொடக்க விழாவில் ஓவியரை மடக்கி, "இது யாரு, உங்க அப்பாவா? எப்படித் தவறிட்டார்?" என்று துருவுவது. சொந்த நினைவை வைத்து வரைந்தவர் அதை எவ்வளவு சொல்வது என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டுத்தான் சுவரில் மாட்டியிருக்கிறார், அதற்கு மேல் தோண்ட நமக்கு உரிமை இல்லை. முதலில் எந்த நிறம் போட்டீர்கள், எதை அழித்தீர்கள், முடிந்துவிட்டது என்று எப்போது தெரிந்தது என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், அப்பாவும் சில நேரம் தானாகவே வந்துவிடுவார்.

அப்புறம், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்காதீர்கள். பழைய உச்ச நீதிமன்றத்திலும் நகர மண்டபத்திலும் இருக்கும் தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரக் காட்சிக்குக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமே இல்லை. இரண்டே ஓவியங்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை.