மஞ்சள் பூவெல்லாம் டான்டெலியன் அல்ல

புல்தரையில் மஞ்சளாக ஒரு பூ, ஊதினால் பறக்கும் பஞ்சு உருண்டை. இந்த இரண்டையும் கண்டதுமே டான்டெலியன் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சூரியகாந்திக் குடும்பத்திலேயே இதே நிறமும் பஞ்சும் கொண்ட செடிகள் பல உண்டு. அதிகம் ஏமாற்றுவது கேட்ஸ் இயர். தாவரவியலில் ஹைபோகேரிஸ் ரேடிகேட்டா.

பூவை மேலிருந்து மட்டும் பார்ப்பதுதான் பெரிய தவறு. நாம் ஒரு பூ என்று நினைப்பது பல சிறுபூக்கள் நெருங்கி அமைந்த பூந்தலை. இதழ் போலத் தெரியும் ஒவ்வொன்றும் தனிப் பூ. அதன் நுனியில் ஐந்து நுண்பற்கள் இருக்கும். இரண்டு செடிகளிலும் இது ஒன்றுதான். எனவே பூவைத் திருப்பிப் பாருங்கள். டான்டெலியனில் அடியிலுள்ள வெளிப்புறப் பச்சைச் செதில்கள் கீழ்நோக்கி மடிந்திருக்கும். கேட்ஸ் இயரில் அவை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும்.

அடுத்து காம்பு. டான்டெலியன் காம்பில் கிளையும் இல்லை, இலையும் இல்லை; உள்ளே வெறும் குழல், உச்சியில் ஒரே பூந்தலை. கேட்ஸ் இயரின் காம்பு மெலிந்து விறைப்பாக இருக்கும், பெரும்பாலும் கிளைக்கும், ஆங்காங்கே சிறு செதில்கள் தென்படும். கிளைக்காத கேட்ஸ் இயரும் உண்டு என்பதால் காம்போடு நிறுத்திவிடக் கூடாது. குழல் காம்பை மட்டும் நம்புவதும் தவறு: இதே போல மஞ்சளாகப் பூக்கும் சோன்கஸ் என்ற இன்னொரு செடியின் தண்டும் உள்ளீடற்றதே. ஆனால் அதில் இலைகள் தண்டைத் தழுவியபடி மேல்வரை ஏறும், உச்சியில் பல பூந்தலைகள் சேர்ந்திருக்கும்.

ஒடித்தால் பால் வருகிறதே என்பார்கள். மூன்றிலும் வரும்.

இலையைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, தடவிப் பார்க்க வேண்டும். கேட்ஸ் இயர் இலையின் இருபுறமும் சொரசொரப்பான மயிர்கள், மடல்கள் மழுங்கியவை. டான்டெலியன் இலை பெரும்பாலும் வழவழப்பானது. கூரிய மடல்கள் செடியின் அடியை நோக்கித் திரும்பியிருக்கும். ஒரே செடியில்கூட இளம் இலை வெட்டில்லாமல் இருக்கலாம். ஒற்றை இலையைக் கிள்ளி வந்து முடிவுகட்டாமல், தரையோடு படர்ந்த இலைக்கொத்து முழுவதையும் பாருங்கள்.

குதிரை வளர்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். கேட்ஸ் இயர் மண்டிய மேய்ச்சல் நிலங்களில், பின்னங்கால்கள் திடீரென மேலே வெட்டி இழுக்கும் ஸ்ட்ரிங்ஹால்ட் நோய் குதிரைகளுக்கு வந்திருக்கிறது.

அடையாளம் கேட்டுப் படம் அனுப்புகிறீர்களா? பூவின் அடிப்பக்கம், காம்பு முழு நீளம், அடி இலைகள் மூன்றையும் எடுங்கள்.