நாண் அடித்த இடது கை: என் அனுபவம்

ஜப்பானில் படிக்கப் போன முதல் ஆண்டே பல்கலைக்கழகத்தின் க்யூடோ (ஜப்பானிய வில்வித்தை) மன்றத்தில் சேர்ந்தேன். பயிற்சிக்கான ரப்பர் வில்லில் அம்பெய்வதன் எட்டு நிலைகளையும் பழகி, மாகிவாரா என்ற வைக்கோல் உருளைக்கு முன் உண்மையான வில்லைப் பிடித்ததும் தொல்லை ஆரம்பித்தது. அம்பை விட்டதும் நாண் இடது முன்கையின் உட்புறத்தில் சுளீரென்று அடிக்கும். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே கன்றிப்போய் நீலம் பாரித்துவிட்டது.

பயத்தில் வில்லை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தப்பே அதுதான்.

அம்பு பறக்கும் நொடியில் வில் கைக்குள் தானாகச் சுழன்று, நாண் முன்கையின் வெளிப்பக்கம் வந்து நிற்க வேண்டும். இதை யுகாயெரி என்பார்கள். முஷ்டி பிடித்தால் எப்படிச் சுழலும்?

மூத்த மாணவி ஒருவர் என் உள்ளங்கையில், சுண்டுவிரலுக்குக் கீழே தொடங்கும் ரேகையைப் பேனாவால் வரைந்து காட்டினார். அந்தக் கோட்டை வில்லின் இடது விளிம்பில் பொருத்தி, சுண்டுவிரலை அழுத்திச் சுற்றி, கட்டைவிரலின் அடிப்பகுதியால் வில்லைத் தள்ளச் சொன்னார். ஆள்காட்டி விரலில் துளி பலம்கூட இருக்கக் கூடாதாம்.

மூன்று வாரம் மாகிவாராவே கதி. 28 மீட்டர் தள்ளியிருந்த 36 சென்டிமீட்டர் இலக்கின் பக்கமே போகவில்லை. ஒரு மாலை அம்பை விட்டேன், வலிக்கவில்லை. குனிந்து பார்த்தால் நாண் புறங்கைப் பக்கம் நின்றிருந்தது. அவரைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினேன்.