பயாஸில் தெரியாத பழைய ஹார்ட் டிஸ்க்

பழைய கணினியின் மதர்போர்டு போய்விட்டது, அதிலிருந்த 1 டிபி சாட்டா (மதர்போர்டோடு கேபிளில் இணையும் வகை) ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. புதிய கணினியில் விண்டோஸ், மதர்போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டியில் இருப்பதால், இதைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மாட்டினேன். டிஸ்க் சுற்றும் சத்தம் கேட்கிறது, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) பெயரே இல்லை.

கேபிளை மாற்றியும் பயனில்லை. விடை மதர்போர்டு கையேட்டில் இருந்தது: எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் சில சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும். பல போர்டுகளில் இப்படித்தான், இரண்டும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. (இதைப் போர்ட்டுக்குப் பக்கத்திலேயே அச்சடித்தால் என்ன?) வேறு போர்ட்டில் செருகியதும் டிஸ்க் வந்துவிட்டது.

பழைய டிஸ்க்கிலும் விண்டோஸ் இருந்ததால், பூட் வரிசையில், அதாவது கணினி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்ற வரிசையில், எஸ்எஸ்டியை முதலில் வைத்தேன். அப்புறம் பழைய யூசர் ஃபோல்டர் திறக்க அனுமதி இல்லை என்றது. ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் ஓனரை என் கணக்குக்கு மாற்றியதும் திறந்தது. வேண்டிய ஃபைல்களை எஸ்எஸ்டிக்கு நகலெடுத்த பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பிரிவுகளை) அழித்து, விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தேன்.

டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்) பூஜ்யம்தான். இருந்தாலும் வயதான டிஸ்க். சினிமாவும் பாட்டும் மட்டும் அதில் போட்டிருக்கிறேன், குடும்பப் படங்கள் எஸ்எஸ்டியிலேயே.