வெளிர்நிறக் கிரானைட் மேடை: ஒரு துண்டை முதலில் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்

எங்கள் வீட்டு அடுப்பு மேடை 22 வருடமாகக் கறுப்புக் கிரானைட். மதுரையில் நாங்கள் வீடு கட்டியபோது யாரைக் கேட்டாலும் கறுப்புதான் போடச் சொன்னார்கள், அழுக்குத் தெரியாது என்று. அம்மாவுக்குக் கண்புரை வந்த பிறகுதான் அந்தத் 'தெரியாது' எவ்வளவு பெரிய தொல்லை என்று புரிந்தது. சிந்திய எண்ணெய் தெரியவில்லை. எறும்புச் சாரை தெரியவில்லை. ஒரு நாள் கறுப்புப் பிடி போட்ட கத்தியை மேடையில் வைத்துவிட்டு, தடவித் தேடியதில் விரலை அறுத்துக்கொண்டார். "மேடை கெணறு மாதிரி இருக்குடி, எதை வச்சாலும் உள்ள போயிருது" என்றார். அந்த வாரமே மேடையை மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். அதனால் கல் வாங்குவதையும் கொஞ்சம் ஆய்வுக்கூடம் போலவே செய்தேன். வெளிர்நிறக் கல் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு அந்த அனுபவம் உதவும்.

கடையில் போய் "வெள்ளைக் கல் வேணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மார்பிள், கிரானைட், குவார்ட்ஸ், செயற்கையாகச் செய்கிற நானோ ஒயிட் எல்லாவற்றையும் அடுத்தடுத்துக் காட்டுவார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். மார்பிள் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். எலுமிச்சையும் புளியும் பட்டால் அதன் மினுமினுப்பு அரித்துப் போய்விடும். தினமும் புளி கரைக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. சந்தேகம் வந்தால் ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் மங்கினால் மார்பிள். கடையில் குவார்ட்ஸ் என்று விற்பது, குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் தூளைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது. கறை பிடிக்காது, ஆனால் அந்தப் பிசினுக்குச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து குக்கரை இறக்கி அப்படியே மேடையில் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் போகாது. அதனால் கிரானைட் என்று முடிவானது.

கிரானைட்டில் பால் வெள்ளை கிடையாது. வெள்ளையும் சாம்பலும் கலந்த அடித்தளத்தில் கறுப்போ பழுப்போ சிவப்போ புள்ளியும் அலையும் இருக்கும். புள்ளியே இல்லாத வெள்ளைக் கல்லைக் கிரானைட் என்று காட்டினால் இன்னொரு தடவை கேளுங்கள்.

பெயரை வைத்தும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரைக் கேட்டு, காஷ்மீரில் இருந்து வருகிற கல் என்று நானே பல வருடம் நினைத்திருந்தேன். அது மதுரைப் பக்கத்துக் கல்! மேலூர் வட்டாரம் கல்லுக்குப் பேர்போனது. 2012இல் முறைகேடு வெளிவந்து அங்கே குவாரிகள் மூடப்பட்டதை நாங்கள் தினமும் செய்தியில் பார்த்தோம். அந்த வட்டாரத்துக் கீழவளவில்தான் சமணர் படுக்கைகளும் பழந்தமிழ்க் கல்வெட்டும் உள்ள பாறை இருக்கிறது. என் மாணவர்களை அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். கல் வாங்கப் போகும்போதெல்லாம் அந்தப் பாறை நினைவுக்கு வரும். வாங்குகிற கல்லை வீணாக்கக் கூடாது என்றும் தோன்றும்.

அந்தக் காஷ்மீர் ஒயிட்டில் மாதுளை விதை போலச் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அவை கார்னெட், இரும்புச் சத்து உள்ள கனிமம். கல் ஈரத்திலேயே கிடந்தாலோ அமிலம் பட்டாலோ அந்த இரும்பு துருவாகி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் படரும். என் அக்கா வீட்டில் அப்படித்தான் ஆனது. கல் பதித்தவர் சிமெண்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவிவிட்டார். மூன்று மாதத்தில் சிங்க்கைச் சுற்றி மஞ்சள் பூத்தது, இன்றுவரை போகவில்லை. அழகான கல்தான். சிங்க் இல்லாத மேடைக்கு நான் அதைத் தயங்காமல் போடுவேன், சிங்க் பக்கம் போட மாட்டேன்.

இனி முக்கியமான வேலை. பிடித்த கல்லில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் நீளம், ஒரு கையகலம் இருந்தால் போதும், ஏறக்குறைய ஒரு கிலோ வரும். கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் குவிந்து கிடக்கும், பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். நீங்கள் வாங்கப் போகும் அதே அடுக்கில் வெட்டிய துண்டா என்பதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே பெயரில் வரும் கல்கூடப் பாறைக்குப் பாறை மாறும்.

நான் மூன்று துண்டு கொண்டு வந்தேன். இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காய வைத்து, சமையலறைத் தராசில் எடை போட்டேன். பிறகு இரண்டு நாள் வாளித் தண்ணீரில் மூழ்க வைத்து, ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு மறுபடி எடை போட்டேன். கிரானைட் தன் எடையில் 0.4 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் தர அளவு. அதாவது ஒரு கிலோ துண்டுக்கு 4 கிராம். என் முதல் துண்டு 984 கிராமிலிருந்து 986 ஆனது. இரண்டாவது 1020இலிருந்து 1026. மூன்றாவது 1050இலிருந்து 1053. வீட்டுத் தராசில் ஒரு கிராம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனாலும் இரண்டாவது துண்டு தண்ணீரை இழுக்கிற கல் என்பது தெளிவாகிவிட்டது. கடையில் மூன்றிலும் அதுதான் வெள்ளை அதிகமாகத் தெரிந்த கல்.

அப்புறம் கறை. துண்டுகளைக் காய வைத்து, ஒவ்வொன்றிலும் நான்கு இடம் குறித்து மஞ்சள் குழைத்தது, நல்லெண்ணெய், புளிக்கரைசல், டீ டிகாஷன் நான்கையும் ஒவ்வொரு கரண்டி விட்டு இரவு முழுக்க வைத்தேன். காலையில் சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சள் இருந்த இடம் சோப்புப் பட்டதும் சிவந்தது. பயப்பட வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாகும். குங்குமம் செய்வதும் இப்படித்தான். தண்ணீர் விட்டு நன்றாக அலசியதும் பழையபடி மஞ்சளாகிவிடும். மிச்சம் இருந்த லேசான மஞ்சள் நிழல் இரண்டு நாள் வெயிலில் மறைந்தது. மஞ்சள் நிறம் வெயிலுக்கு நிற்காது. நம் ஊரில் எல்லோரும் பயப்படுவது மஞ்சளுக்குத்தான், ஆனால் எனக்குப் பாடம் சொன்னது நல்லெண்ணெய். இரண்டாவது துண்டில் எண்ணெய் விட்ட இடம் ஈரம் காயாத மாதிரி கறுத்துவிட்டது, கழுவியும் போகவில்லை. முதல் துண்டில் தடமே இல்லை. சோதனையை இன்னும் இரண்டு இரவு திரும்பச் செய்தேன், முடிவு மாறவில்லை.

ஆக முதல் அல்லது மூன்றாவது. இதை அம்மா தேர்ந்தெடுத்தார். மூன்றாவதில் கடுகு தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அம்மா மேலே கொஞ்சம் கடுகைச் சிதறிவிட்டுக் கையால் தேடிப் பார்த்தார். "எது கடுகு, எது எறும்பு, எது கல்லுன்னு சொல்லு பாப்போம்" என்றார். கண்ணாடி போட்டிருந்த எனக்கே குழம்பியது. முதல் துண்டில் புள்ளி குறைவு, இளஞ்சாம்பல் அலை மட்டும் ஓடியது. அதையே எடுப்பது என்று முடிவு செய்தோம். வெளிர்நிறம் என்றாலே கண்ணுக்கு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். புள்ளியின் அளவையும் பாருங்கள். கடுகு, எறும்பு அளவில் கறுப்புப் புள்ளி இருந்தால் கறுப்பு மேடையின் தொல்லை திரும்ப வரும்.

ஸ்லாப், அதாவது வெட்டாத முழுப் பலகைக் கல்லைப் பார்க்கக் காலை வெயிலில் போங்கள். நிழலில் நிறுத்தி வைத்திருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் காயும்வரை நில்லுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஈரக்கோடு நின்றால் அங்கே முடி போல விரிசல் இருக்கிறது. பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பலவீனமான கல்லுக்குத்தான் பெரும்பாலும் வலை ஒட்டுவார்கள். அது தப்பில்லை, ஆனால் சிங்க், அடுப்பு வெட்டுகிற இடத்தில் முன்னால் மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலம்தான். அங்கே பலவீனமான கல் உடையும்.

அளவை நீங்களே கணக்குப் போட்டு எடுத்துப் போங்கள். எங்களுடையது எல் வடிவம். ஒரு பக்கம் 9 அடி, இன்னொரு பக்கம் 6 அடி, அகலம் 2 அடி. மூலையை இரண்டு முறை எண்ணக் கூடாது, அதனால் 18ம் 8ம் சேர்த்து 26 சதுர அடி. ஆனால் ஸ்லாப் முழுசாகத்தான் தருவார்கள், வெட்டி மிஞ்சுவதற்கும் காசு உண்டு. அகலம் குறைந்த ஸ்லாப் என்றால் மிச்சம் குறையும். நோசிங்குக்கு, அதாவது முன் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்க, அடிக்கணக்கு, சிங்க் வெட்டத் தனிக் காசு, ஏற்றி இறக்கத் தனி. சதுர அடி விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பில் வேறாக இருக்கும். 18 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு நாலரை கிலோ வரும். எங்கள் மேடை மட்டும் 117 கிலோ. மாடி வீடு என்றால் தூக்குகிறவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள்.

எல்லாமே வெள்ளையாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடை, சுவர் டைல்ஸ், தரை மூன்றும் வெளுப்பாக இருந்தால் பார்வை குறைந்தவருக்கு மேடை எங்கே முடிகிறது என்று தெரியாது, டம்ளரை விளிம்புக்கு வெளியே வைத்துவிடுவார். நாங்கள் பழைய கறுப்புக் கல்லிலிருந்து ஒன்றரை அங்குலப் பட்டை வெட்டி, புது மேடையின் முன் விளிம்புக்குக் கீழே ஒட்டினோம். மேலே வெளுப்பு, விளிம்பில் கறுப்புக் கோடு. அம்மா முதல் நாளே அதைப் பிடித்துக்கொண்டார். சுவருக்கு இளம்பச்சை டைல்ஸ். பளபளப்புக் கல்லில் விளக்கு பிரதிபலித்துக் கண் கூசும் என்பதால் டியூப் லைட்டை எதிர்ச் சுவரிலிருந்து எடுத்து, அலமாரிக்கு அடியில் மறைவாக வைத்தோம். கூச்சம் குறைவாக இருக்கும் என்று லெதர் ஃபினிஷ், அதாவது தோல் போலச் சொரசொரப்பாக விட்ட கல்லைச் சொல்வார்கள். கை வைத்துப் பார்த்தேன், அந்த மேடு பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தங்கும் என்று தோன்றியது, வேண்டாம் என்றுவிட்டேன்.

பதிக்கும் நாளில் லீவு போட்டுக் கூடவே இருங்கள். வெளிர்நிறக் கல்லுக்கு அடியில் சாதாரணச் சிமெண்ட் போட்டால் அதன் சாம்பல் நிறம் மேலே நிழலாகத் தெரியக்கூடும். வெள்ளைச் சிமெண்டோ, வெள்ளை நிற ஒட்டுப் பசையோ கேளுங்கள். சிங்க் ஓரத்துக்கு எண்ணெய் கலந்த மக்கு வேண்டாம், அந்த எண்ணெயைக் கல் குடித்துவிடும். கறை விடாத சிலிக்கான் பசை போதும். "அண்ணே, ஆசிட் மட்டும் வேணாம், சிமெண்டு நான் சுரண்டிக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். பதித்ததும் கல் அங்கங்கே கறுத்திருக்கும், அது ஈரம். எங்களுக்கு முழுசாக வெளுக்க மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சீலர், அதாவது கல் கறையை உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு, பூச வேண்டும், முன்பே பூசினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். பூசி அரை மணி நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் படலமாக ஒட்டும். வருடத்துக்கு ஒரு முறை மேடையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கால் மணி நேரத்தில் கீழே கறுத்தால் மறுபடி பூசும் நேரம்.

அப்படியும் எண்ணெய்க் கறை பிடித்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து அரை அங்குலத்துக்கு அப்பி, பாலித்தீன் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு பாலித்தீனை எடுத்துவிட்டு, காய்ந்ததும் சுரண்டி எடுத்தால் கறையை இழுத்து வந்திருக்கும், பழைய கறை என்றால் இரண்டு மூன்று தடவை. டீக்கறைக்குத் தண்ணீருக்குப் பதில் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைக்கலாம். போர் தண்ணீர் உப்புக்கு வினிகர், ஆசிட் எதுவும் தொடாதீர்கள். இரவு படுக்கும் முன் காய்ந்த துணியால் குழாயடியைத் துடைத்தாலே உப்பு படியாது.

சிங்க்குக்காக வெட்டி எடுத்த பெரிய துண்டை வேலையாட்கள் எடுத்துப் போகாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அதன் ஓரத்தைத் தேய்த்துச் சப்பாத்திப் பலகையாக வைத்திருக்கிறோம். புதிதாக எந்தத் துடைப்பு மருந்து வாங்கினாலும் அதன் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் மேடைக்கு.