ஒரு காலைக்கு ஒரே காரியம்: பழனி மலை வழியாகக் கல்யாணங்களுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூரிலிருந்து எங்கள் சின்னமனூருக்கு நேர் வழி ஒன்று இருக்கிறது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், செம்பட்டி, வத்தலக்குண்டு, தேனி என்று சமவெளியிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் முகூர்த்த மாதம் வந்துவிட்டால் நானும் என் வீட்டுக்காரரும் அந்த வழியில் போக முடிவதில்லை. பழனியில் ஒரு பத்திரிகை, கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பண்ணைக்காட்டில் ஒரு பத்திரிகை என்று வந்து நிற்கும். பழனியிலிருந்து கொடைக்கானல் மலை ஏறி, பெருமாள்மலை வழியாக அந்தப் பக்கத்து அடிவாரமான காட்ரோட்டில் இறங்கி வீடு சேர்வோம். இரண்டு கல்யாணம், நடுவில் கொடைக்கானல், கடைசியில் அம்மா வீடு. இதைவிட நல்ல பயணம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. அதே பயணத்தில் நாங்கள் செய்த தவறுகளும், உறவுக்காரர்கள் செய்யப் பார்த்த தவறுகளும் நிறைய. புதிதாகக் கிளம்பும் தம்பதிகளுக்காக அவற்றை எழுதுகிறேன்.

காலையை இரண்டாகப் பங்கு போடுவது

பெரிய தவறு இதுதான். மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

மலையில் காட்சி தெளிவாக இருப்பது பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்துவிடும். கொடைக்கானல் தூண் பாறைக்கு மூன்று மணிக்குப் போய், வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். முகூர்த்தமும் காலையில்தான். ஆறிலிருந்து ஏழரை, இல்லையென்றால் ஒன்பதிலிருந்து பத்தரை. ஆக, மலையும் கல்யாணமும் ஒரே பொழுதைத்தான் நம்மிடம் கேட்கின்றன.

என் சித்தி மகளுக்குப் பழனி அடிவாரத்துத் திருஆவினன்குடி கோயிலில் கல்யாணம். ஒன்பது – பத்தரை முகூர்த்தம். நாங்கள் சனிக்கிழமையே கொடைக்கானல் ஏறிவிட்டோம். ஞாயிறு காலையில் கோக்கர்ஸ் வாக்கில் ஒரு நடை, அப்புறம் பழனிக்கு இறங்கினால் சரியாக இருக்கும் என்று கணக்கு. அந்த நடைபாதை ஒரு கிலோமீட்டர்கூட வராது, ஆனால் அங்கே நின்றால் நகர மனம் வராது. ஏழரைக்குத்தான் வண்டியை எடுத்தோம். பெருமாள்மலை தாண்டியதும் பனிமூட்டம். அதற்குப் பிறகு காய்கறி மூட்டை ஏற்றிய ஒரு லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டோம். அடுத்தடுத்து வளைவுகள், முந்த இடமே இல்லை. பழனியில் வண்டியை நிறுத்த இடம் தேடிவிட்டு ஓடினால், வாசலிலேயே கெட்டிமேளம் காதில் விழுந்தது. உள்ளே போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் மாலை மாற்றி முடித்திருந்தார்கள். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏத்தா, தாலி கட்டுன பெறகுதான் வழி தெரிஞ்சுச்சா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி. முகூர்த்தம் உள்ள காலையில் ஊர் சுற்றுவது கிடையாது. முந்தைய இரவு மண்டபம் இருக்கும் ஊரிலேயே தங்கிவிடுவோம். இரண்டு கல்யாணங்களுக்கு நடுவில் ஒரு நாள் கிடைத்தால், அந்தக் காலை முழுக்க மலைக்கு. நடுநாள் கிடைக்காவிட்டால் ஊர் சுற்றுவதை விட்டுவிடுவோம். தூண் பாறை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும், தாலி கட்டுவது ஒருமுறைதான்.

கிலோமீட்டரை நம்புவது

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். சமவெளியில் இது ஒன்றேகால் மணி நேரப் பாதை. இங்கே இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மழை நாள் என்றால் இன்னும் அரை மணி கூட்டுங்கள். வரதமாநதி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அங்கிருந்து கியரை மாற்றி மாற்றியே ஏற வேண்டும். கைபேசி காட்டும் நேரம் மூட்டத்தையும் எதிரே வரும் பேருந்தையும் கணக்கில் எடுக்காது.

பழனியிலும் இப்படி ஒரு நேரக் கணக்குத் தவறு நடக்கிறது. கல்யாணம் அடிவாரத்துத் திருஆவினன்குடியில்தானே, முடிந்த கையோடு மலைக் கோயிலுக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைப்பார்கள். முகூர்த்த நாளில் ரோப் காருக்கும் விஞ்சுக்கும் வரிசை நீளும். படி ஏறலாம் என்றால் 693 படிகள், அதுவும் பட்டுப்புடவையில். இன்னொன்று, 2023 அக்டோபர் 1 முதல் மலைக் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. கீழேயே ஒப்படைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கணவனும் மனைவியும் கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியே இல்லை. எந்த இடத்தில் சந்திப்பது என்று ஏறுவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படிப் பேசாமல் போன ஒருநாள் முக்கால் மணி நேரம் நான் ஒரு தூணோரம் நின்றேன், அவர் இன்னொரு தூணோரம் நின்றிருக்கிறார்.

“கல்யாணத்துக்குத்தானே போகிறோம்” என்று இ-பாஸ் எடுக்காமல் விடுவது

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை, இணையத்தில் சில நிமிட வேலை. சுற்றுலாவா, கல்யாணமா, கருமாதியா என்பதெல்லாம் சோதனைச் சாவடியில் எடுபடாது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். வைகாசி முகூர்த்தம் அந்தக் காலத்தில்தான் வரும், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் குவியும். பத்திரிகை கைக்கு வந்த வாரமே அப்போதைய விதியைப் பார்த்துப் பாஸையும் எடுத்துவிடுவது நல்லது.

பாஸ் வண்டி எண்ணுக்குத்தான், ஆளுக்கு அல்ல. எங்கள் காரில் கிளட்ச் கோளாறு வந்து, கடைசி நேரத்தில் கொழுந்தனார் காரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பாதி மலை ஏறிய பிறகுதான், “ஏங்க, பாஸ் நம்ம வண்டிக்கில்ல எடுத்தது!” என்று எனக்கு உறைத்தது. அந்த இடத்தில் சிக்னல் இல்லை. இரண்டு வளைவு கீழே திரும்பி இறங்கி, ஒரு டீக்கடை ஓரம் நின்று புதிதாக எடுத்தோம். எடுத்த பாஸைப் படமாகவும் சேமித்துக்கொள்ளுங்கள், மலையில் இணையத்தை நம்பக் கூடாது.

தாம்பூலப் பையோடு மலை ஏறுவது

இதை யாரும் யோசிப்பதில்லை. பழனிக் கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுப்பார்கள். தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சின்ன டப்பா பஞ்சாமிர்தம். கூடவே பந்தியில் வைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு காருக்குள் வந்துவிடும். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை. பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்றும் 2024-ல் அறிவித்தார்கள். பணம் பெரிதில்லை. அந்தப் பாட்டில்கள் சோலைக்குள் போய் விழுகின்றன. காட்டுமாடுகள் குப்பையைக் கிளறுவதைக் கொடைக்கானல் தெருக்களிலேயே பார்க்கலாம். எங்கள் காரில் இரண்டு எவர்சில்வர் பாட்டில் எப்போதும் கிடக்கும். மண்டபத்திலேயே நிரப்பிக்கொண்டு, பிளாஸ்டிக்கைப் பழனியிலேயே கழித்துவிட்டு ஏறுவோம்.

பந்தி முடிந்து நேராக வளைவில் ஏறுவது

கல்யாணச் சாப்பாட்டைக் குறைத்துச் சாப்பிடச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். ஆனால் இலையை மூடிய அடுத்த நிமிடம் வண்டியை எடுக்காதீர்கள். பாயசமும் அப்பளமும் வயிற்றில் கிடக்க, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றத் தொடங்கினால் பயணமே கசந்துவிடும். ஒரு மணி நேரம் மண்டபத்தில் உட்கார்ந்து பெரியவர்களோடு பேசுங்கள், அவர்களுக்கும் அது சந்தோஷம். பிறகு கிளம்புங்கள். குமட்டல் உள்ளவர் முன் சீட்டில் உட்கார்ந்து, கைபேசியைப் பார்க்காமல் சாலையைப் பார்க்கட்டும். குமட்டல் மாத்திரை போட்டால் தூக்கம் வரும், அதனால் வண்டி ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது.

பிரேக்கிலேயே இறங்குவது

இது உயிர் விஷயம். ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பது, பிரேக்கை விடாமல் அழுத்தியபடியே வருவது இரண்டுமே ஆபத்து. தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடேறும், சூடேறினால் பிடிக்காது. காட்ரோட்டுக்கு இறங்கும் வழியில், டம்டம் பாறைக்குக் கொஞ்சம் மேலே ஒருமுறை எங்களுக்கு முன்னால் போன காரிலிருந்து கருகல் வாடை வந்தது, சக்கரத்தில் லேசாகப் புகையும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஹாரன் அடித்து நிறுத்தச் சொன்னார். உள்ளே கல்யாண மாலை வாடாத ஒரு புதுஜோடி. அந்தப் பையன் தண்ணீரை எடுத்து ஊற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தோம். கொதிக்கிற இரும்பில் திடீரென்று தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிப்போகும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் அப்படியே ஆற விட்டோம். அதுவரை அந்தப் பெண் என் பக்கத்தில் நின்று மாமியார் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ‘டி’-யிலேயே விட்டுவிடாமல் கீழ் கியருக்கு மாற்றுங்கள். மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும், லோ பீம்தான் சரி.

மொய் மேசையில் ஊர் பெயரை மாற்றிச் சொல்வது

எங்கள் பக்கத்தில் மொய் நோட்டில் ஊர் வாரியாகத்தான் தேடுவார்கள். நாம் கோயம்புத்தூரில் குடியிருக்கலாம். ஆனால் மொய் எழுதும்போது ‘கோவை’ என்று சொன்னால், நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் நம் பெயரைத் தேடிக்கொண்டு இருப்பார்கள். சின்னமனூர், அப்பா பெயர், வீட்டுக்காரர் பெயர் என்று நிதானமாகச் சொல்லுங்கள். இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்து ரசீதும் கொடுக்கிறார்கள், அதில் ஊர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பெண் வீட்டு உறவு என்றால் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர வேண்டும். இதில் கணவர்கள் அவசரப்படுவதால்தான் பின்னால் பேச்சு வருகிறது. இரண்டு கல்யாணத்துக்கான பணத்தையும் ஒரு ரூபாய் நாணயங்களையும் கோயம்புத்தூரிலேயே எடுத்துக் கவரில் போட்டுவிடுங்கள். மலைக்கிராமத்தில் ஏடிஎம் தேடி அலையக் கூடாது.

துணிமணி விஷயம் சின்னதுதான். பட்டைக் காரில் கட்டிக்கொண்டு போகாதீர்கள், மண்டபத்தில் மாற்றிக்கொள்ளலாம். தை முகூர்த்தத்தில் பண்ணைக்காட்டு அதிகாலை குளிரும், ஸ்வெட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

சாயங்காலம் வரை இழுப்பது

இரண்டாவது கல்யாணமும் முடிந்தது, இனி வீடுதானே என்று மெத்தனம் வரும். “இருங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்” என்று அத்தைகள் பிடித்து வைப்பார்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் காபியை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, அவர்கள் தோட்டத்துக் கொட்டை அது. குடியுங்கள். ஆனால் இரண்டு மணிக்கு வண்டியில் ஏறிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் இன்னும் சீக்கிரம். வடகிழக்குப் பருவமழையில் சாயங்கால மழைக்குப் பாதையில் மண்ணும் கல்லும் சரியும், மரம் விழும். இருட்டினால் காட்டுமாடு வளைவில் நிற்பது பக்கத்தில் போகும்வரை தெரியாது. தை மாதம் பழனிக்கு வருகிறவர்களாக இருந்தால், ஒட்டன்சத்திரம் சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள் இரவிலும் நடப்பார்கள். பூசம் நெருங்கும் நாட்களில் அந்தப் பக்கம் இரவு ஓட்டுவதையே தவிர்த்துவிடுங்கள்.

இரண்டு மணிக்குக் கிளம்பினால் டம்டம் பாறையில் பத்து நிமிஷம் நிற்க நேரம் இருக்கும். எதிரே எலிவால் அருவி, ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வெள்ளைக் கோடாக விழும். கீழே மஞ்சளாறு அணை மின்னும். காலையில் கட்டிய மல்லிகை அந்தக் குளிரில் வாடாமல் தலையிலேயே இருக்கும். பார்த்துவிட்டு இறங்கினால் வெளிச்சம் இருக்கும்போதே காட்ரோடு வந்துவிடும். இடது பக்கம் திரும்பினால் வத்தலக்குண்டு. நாங்கள் வலது பக்கம், பெரியகுளம் சாலையில் திரும்பியதும் என் வீட்டுக்காரர், அம்மாவுக்குப் போன் போடச் சொல்வார், உலையை வைக்கச் சொல்லி.