இரண்டு நியூயார்க், ஒரு பிணம்: சூப்பர்ஹீரோ துப்பறியும் நாவலுக்குத் திட்டம் போடுவது எப்படி?

சூப்பர்ஹீரோ, மாற்று உலகம், கொலை. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறி அறுபது பக்கம் எழுதியிருந்தேன். படித்த நண்பன் கேட்டான்: "டேய், கொலைகாரன் வேற உலகத்துலேர்ந்து வந்தான்னு கடைசிப் பக்கத்துல சொன்னா, நான் எப்படிடா கண்டுபிடிக்கிறது?" நியாயமான கேள்வி. அறுபதையும் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கிய வழி இது. நான் எழுதுவது நுவார் வகை, அதாவது இருளும் குற்றமும் கசப்பான முடிவும் கலந்த துப்பறியும் கதை.

படி 1: உலகம் பிரியும் நாளைப் பிடியுங்கள்

"ஒரு காலத்தில்" போதாது, தேதி வேண்டும். நான் எடுத்தது 1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை. மூடுபனியில் தாழப் பறந்த பி-25 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 79ஆம் மாடியருகே மோதியது. 14 பேர் இறந்தார்கள். ஓர் எஞ்சின் கட்டடத்தைத் துளைத்து மறுபக்கம் போய் விழுந்தது. லிஃப்ட் இயக்கிய பெண் ஒருவர் லிஃப்டோடு 75 மாடி கீழே விழுந்தும் பிழைத்தார். இதை நானாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இது நம் உலகம். என்னுடைய இன்னொரு நியூயார்க்கில், பறக்கும் மனிதன் ஒருவன் விமானத்தைத் தாங்கிப் பிடித்துவிடுகிறான். (உண்மையில் இறந்தவர்களைக் கதாபாத்திரமாக்க மனம் வரவில்லை. 15ஆவதாக ஒரு தட்டச்சுக்காரியைக் கற்பனையில் சேர்த்துக்கொண்டேன்.)

படி 2: சக்தியை வெட்டுங்கள்

பறக்கலாம், தூக்கலாம். மனதைப் படிப்பது, சுவரைத் தாண்டிப் பார்ப்பது இரண்டும் கூடவே கூடாது. இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும்.

படி 3: பிணத்துக்கு முன்னால் கதவைக் காட்டுங்கள்

நான் இடறி விழுந்தது இங்கேதான். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929இல் இந்த வகைக் கதைகளுக்குப் 10 விதிகள் வகுத்தார். அமானுஷ்யம் கூடாது என்பது ஒன்று. அதைக் கேட்டால் நாம் கடையைச் சாத்த வேண்டியதுதான். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது என்பது இன்னொன்று. கடைசி விதிதான் எனக்கு உறைத்தது: இரட்டையரோ ஒரே சாயல் உள்ளவரோ வருவதானால், வாசகரை முன்பே தயார்ப்படுத்தியிருக்க வேண்டும். மாற்று உலகத்து ஆள் வேறு யார்? இரட்டைதானே!

அதனால் இப்போது ஒரே கதவு. மூடுபனி காலையில் மட்டும் திறக்கும். முதல் அத்தியாயத்தில், 1949இல், துப்பறிவாளர் கையில் 1945 ஜூலை 29 தேதியிட்ட செய்தித்தாள் ஒன்று சிக்குகிறது. அதிலுள்ள படத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பழைய படத்தைப் போட்டுவிட்டார்கள் என்று தூக்கிப் போடுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில்தான் பிணம்: நான்கு வருடம் முன்பு இறந்துபோன தட்டச்சுக்காரி, உடல் சூடு ஆறாமல் கிடக்கிறாள். இனி நண்பன் சண்டைக்கு வர முடியாது.

படி 4: இரண்டு பத்தி அட்டவணை

இடப்பக்கம் நம் உலகம், வலப்பக்கம் மற்றது. நாவல் எழுதவென்றே விற்கும் மென்பொருளுக்குக் காசு கொடுத்து அழுதிருக்கிறேன். எனக்குக் கணக்கு நோட்டும் நீலம், சிவப்பு என இரண்டு பேனாவுமே சரி.

படி 5: துப்பறிவாளர் ஜெயிக்க வேண்டாம்

கொலைகாரன் யாரென்று கண்டுபிடிக்கட்டும். ஆனால் அவன் மூடுபனிக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். எந்தப் போலீஸ் கைது செய்யும்?

பின்சேர்க்கை: இரண்டு உலகத்து ஆளுக்கும் கைரேகை ஒன்றாக இருக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நல்ல பிடி. கைரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது, ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்கே அது வேறுபடும். என் உலகங்கள் பிரிவதற்கு முன்பே தட்டச்சுக்காரி பிறந்துவிட்டதால் ரேகை ஒன்றுதான். நீங்கள் பிரியும் நாளைப் பிறப்புக்கு முன்னால் வைத்தால் இந்தத் துப்பு செல்லாது. நான் அவள் மணிக்கட்டில் 1947இல் பட்ட தீக்காயம் ஒன்றையும் சேர்த்துவிட்டேன். ரேகை பழைய கோப்போடு பொருந்துகிறது, தழும்பு பொருந்தவில்லை. துப்பறிவாளர் அந்தச் செய்தித்தாளைத் தேடிக் குப்பைத்தொட்டிக்கு ஓடுவது அப்போதுதான்.