சிறுகதை பற்றி எழுத்தாளருக்கு எழுதும்போது

கதையை இரண்டு முறை படியுங்கள். இரண்டாவது வாசிப்பு மறுநாள் இருக்கட்டும். முதல் தடவை முடிவைத் தேடித்தான் ஓடுவோம், நடுவில் விழுந்த முடிச்சு கண்ணில் படாது.

‘அருமை’ என்ற ஒற்றைச் சொல் எழுதியவருக்கு எதையும் சொல்வதில்லை. எந்த வரியில் நின்றீர்களோ அதை அப்படியே எடுத்தெழுதி, ஏன் என்று இரண்டு வாக்கியம் சேருங்கள். குறையும் அப்படித்தான். ‘இழுவை’ என்று எழுதாமல், ‘பேருந்து நிலையக் காட்சியில் மூன்றாவது பத்திக்கு மேல் புதிதாக எதுவும் நடக்கவில்லை, கவனம் சிதறியது’ என்று இடம் சுட்டுங்கள். முடிவை மாற்றி எழுதிக் காட்ட வேண்டாம். அது அவருடைய கதை.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கதைசொல்லியின் ‘நான்’ எழுத்தாளரே என்று எண்ணி, ‘மனைவியிடம் இப்படியா நடந்துகொண்டீர்கள்?’ என்று கேட்பது. இது உண்மையிலேயே காயப்படுத்தும்.

ஒற்றுப்பிழைகளைத் தனிக்கடிதத்தில் பக்க எண்ணோடு அனுப்புங்கள்.